இரண்டு பையன்களும் ஒரு நடிகை விருதும்

பிராட்வே 1959–60: ஒரு பருவத்தின் கதை – 7

போன வாரம் எங்கே நிறுத்தினோம் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். 1960 ஏப்ரல் 24, நியூயார்க் ஆஸ்டர் ஹோட்டல், டோனி விருது இரவு. சிறந்த இசை நாடகத்துக்கு ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இவ்வளவுதான் கதைச்சுருக்கம். மிச்சத்தைப் பழைய இதழ்களில் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் நாடக ஆசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். குறிப்பெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. திங்கள் இரவு, ஒரு பெயரை எப்படி எழுதுவது என்று பார்ப்பதற்காகப் பரிந்துரைப் பட்டியலைப் புரட்டினேன். அதோடு போயிற்று. செவ்வாய் காலை உதவி ஆசிரியர் போன் செய்து, "சார், மேட்டர் ரெடியா?" என்றார். "தம்பி, ஒரு விஷயம் கேளுங்களேன்" என்று ஆரம்பித்தேன். முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப இதையே எழுதிடுங்க சார். ஆனா மூணு மணிக்குள்ள வந்துடணும்."

விஷயம் இதுதான். அந்த வருடம் இசை நாடகத்தில் சிறந்த துணை நடிகைக்கு மூன்று பரிந்துரைகள். ‘ஜிப்ஸி’யில் நடித்த சாண்ட்ரா சர்ச் ஒருவர். ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் மடத்துத் தலைவியாக வந்த பாட்ரீசியா நெவே இன்னொருவர். மூன்றாவது, ‘லாரி பீட்டர்ஸும் குழந்தைகளும்’. அதே ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் கேப்டன் வீட்டுப் பிள்ளைகளாக வரும் ஏழு பேரையும் ஒரு கொத்தாகச் சேர்த்து ஒரே பரிந்துரை. படமாகப் பார்த்தவர்களுக்கு அந்த வீட்டுக் கணக்கு தெரியும். ஐந்து பெண், இரண்டு பையன்.

ஆம். ஃபிரெட்ரிக்காக நடித்த வில்லியம் ஸ்னோடெனும், குர்ட்டாக நடித்த ஜோசப் ஸ்டூவர்ட்டும் அந்த வருடம் சிறந்த துணை நடிகைக்கான போட்டியில் இருந்தார்கள்.

நம் பக்கத்து பாய்ஸ் கம்பெனிகளில் மீசை முளைக்காத பையன்கள் புடவை கட்டி ஸ்திரீபார்ட் போட்டார்கள். மேடைக்குக் கீழே வந்தால் பையன்தான். இங்கே தலைகீழ். மேடையில் பையன் வேஷம், பட்டியலில் ஸ்திரீபார்ட். ஜெயித்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்து யோசித்துத் திங்கள் இரவுத் தூக்கம் போனது. ஏழு பேரும் மேடையேறி ஒரு பதக்கத்தைப் பிய்த்துக்கொள்வதா? கடைக்குட்டி கிரெட்டல் வேஷக்காரப் பெண் அழுதால் யார் சமாதானம் செய்வது? நல்லவேளை, பரிசு பாட்ரீசியா நெவேக்குப் போனது. ஆபரா மேடையில் பெயர் வாங்கிவிட்டு வந்த பாடகி அவர். ஒரே நாடகத்தில் இருந்துகொண்டு மதர் சுப்பீரியர் குழந்தைகளைத் தோற்கடித்த கதை.

இந்த வேடிக்கைக்கு இன்னொரு மடிப்பும் உண்டு. நாடகத்தில் மூத்தவள் லீஸல், பதினாறு வயதுப் பெண். அந்த வேஷம்தான் லாரி பீட்டர்ஸுடையது. நாடகத்துக்கு மூலமான நிஜ ட்ராப் குடும்பத்தில் முதல் தாரத்துப் பிள்ளைகள் ஏழு பேரில் மூத்தவர் பையன். பெயர் ரூபெர்ட், பிறந்தது 1911இல். மருத்துவம் படித்தவர். குடும்பம் ஆஸ்திரியாவை விட்டுக் கிளம்பிய 1938இல் அவர் முழு இளைஞர். நாடகத்துக்குக் காதல் பாட்டுப் பாட ஒரு பதின்வயதுப் பெண் தேவைப்பட்டாள், மூத்த மகன் மூத்த மகள் ஆனார். ஆக, நாடக ஆசிரியர்கள் ஒரு பையனைப் பெண்ணாக்கினார்கள். விருதுக்காரர்கள் தங்கள் பங்குக்கு இன்னும் இரண்டு பேரை மாற்றினார்கள்.

(லாரி பீட்டர்ஸைப் பற்றி ஒரு கிளைக்கதை, இரண்டே வரி. லீஸலின் காதலன் ரோல்ஃப் வேஷத்துக்கு 1961இல் மாற்று நடிகராக வந்த இளைஞரை அவர் மறு வருடம் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார். அந்த இளைஞர் ஜான் வோய்ட். பின்னாளில் அந்தத் திருமணம் முறிந்தது. வோய்ட்டின் அடுத்த திருமணத்தில் பிறந்த மகள்தான் ஏஞ்சலினா ஜோலி. சரி, திரும்பி வருவோம்.)

இது ஏதோ குமாஸ்தாவின் கைப்பிசகு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டியல் முழுக்கவே இப்படித்தான். ‘ஃபியோரெல்லோ!’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மேயராக 1934 முதல் 1945 வரை இருந்த ஃபியோரெல்லோ லா கார்டியாவின் கதை. குள்ள உருவம், கீச்சுக் குரல், ஊரே அவருக்கு வீடு. பத்திரிகை விநியோக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குழந்தைகள் சித்திரக்கதை படிக்க முடியாமல் தவிப்பார்களே என்று ரேடியோவில் உட்கார்ந்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டிய மேயர். அந்த வேஷத்தில் டாம் பாஸ்லி என்று அதுவரை அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒரு நடிகர். நாடகத்தின் பெயரே அவருடைய பாத்திரத்தின் பெயர். அவருக்குக் கிடைத்த டோனி எது தெரியுமா? சிறந்த துணை நடிகர்.

காரணம் நடிப்பு அல்ல, போஸ்டர். அந்தக் காலத்து டோனி கணக்கில் நாடகப் பெயருக்கு மேலே யாருடைய பெயர் அச்சாகிறதோ அவர் நட்சத்திரம். கீழே அச்சானால், ராஜபார்ட்டே போட்டாலும் துணைதான். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாயகன் கேப்டனாக நடித்த தியோடர் பைக்கெலும் இதே கட்டத்தில் வந்து விழுந்தார். பாஸ்லியிடம் தோற்றுப்போனார்.

பைக்கெலைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியதும் ஊரை விட்டு வெளியேறும் குடும்பத்தலைவன் அவர் போட்ட வேஷம். நிஜத்தில் அவர் வியன்னாவில் பிறந்த யூதப் பிள்ளை. அதே 1938இல், அதே காரணத்துக்காக, பெற்றோரோடு அந்த ஊரை விட்டுப் பாலஸ்தீனம் போனவர். கிட்டார் வாசித்து நாட்டுப்பாடல் பாடுகிற கலைஞர் என்பதால் அவருக்கென்று கடைசி நேரத்தில், பாஸ்டன் முன்னோட்டத்தின்போது, ஒரு சின்னப் பாட்டைச் சேர்த்தார்கள். ‘எடல்வைஸ்’. ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடல் என்றும், தேசிய கீதமே அதுதான் என்றும் நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. எழுதியது ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் என்ற நியூயார்க்காரர். அவர் எழுதிய கடைசிப் பாட்டும் அதுவே. வயிற்றுப் புற்றுநோய். விருது இரவுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று காலமானார்.

இனி அந்தச் சமநிலைக்கு வருகிறேன். "இரண்டு பேருக்கும் பரிசு என்றால் பதக்கத்தை வெட்டிக் கொடுத்தார்களா?" என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். இல்லை ஐயா, ‘ஃபியோரெல்லோ!’வுக்கும் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’குக்கும் முழுப் பரிசு. டோனி வரலாற்றில் சிறந்த இசை நாடகத்துக்குச் சமநிலை வந்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அதைவிட ருசி, தோற்ற மூன்று பேரிடம்தான்.

‘ஜிப்ஸி’, ‘டேக் மீ அலாங்’, ‘ஒன்ஸ் அப்பான் எ மேட்ரஸ்’. மூன்றாவதற்கு இசையமைத்தவர் மேரி ராட்ஜர்ஸ், அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’குக்கு இசையமைத்தவர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ். அப்பாவும் மகளும். ஒரே வருடம், ஒரே பரிசு, எதிரெதிர்ப் பக்கம். மகளுடைய நாடகம் மெத்தை மேல் மெத்தை அடுக்கிய கட்டிலில் ஒரு பட்டாணி உறுத்தித் தூக்கம் வராமல் தவித்த இளவரசியின் கதை. கையில் பணமில்லாத கம்பெனி. ஓடிய காலம் முழுக்க மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஐந்து அரங்கம் மாறினார்கள். அப்பா நாடகமோ திரை தூக்குவதற்கு முன்பே 20 லட்சம் டாலருக்கு மேல் முன்பதிவு கண்டது.

உறவு இதோடு நிற்கவில்லை. ‘ஜிப்ஸி’க்குப் பாட்டு எழுதிய ஸ்டீபன் சாண்ட்ஹைம், சிறுவனாக இருந்த நாளிலிருந்து ஹேமர்ஸ்டைனிடம் தொழில் பழகிய சீடர். ‘ஜிப்ஸி’க்கு இசையும் தானே அமைக்க ஆசைப்பட்டார். கதாநாயகி எதெல் மெர்மன், அனுபவப்பட்ட இசையமைப்பாளர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாண்ட்ஹைம் முறுக்கிக்கொண்டு விலகப் பார்த்தபோது, பெரிய நட்சத்திரத்துக்கு எழுதும் அனுபவத்தை விடாதே என்று புத்தி சொல்லி அனுப்பியவர் குருநாதர் ஹேமர்ஸ்டைன். எந்த நாடகத்துக்குப் போட்டியாகத் தன் நாடகம் நிற்கப் போகிறது என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது. தயாரிப்பாளர் லீலண்ட் ஹேவர்டுக்கு ‘ஜிப்ஸி’, ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இரண்டிலும் பங்கு. ‘ஃபியோரெல்லோ!’, ‘மேட்ரஸ்’ இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, ஜார்ஜ் அபட். எழுபது தாண்டியவர், அந்த வருடமே ‘ஃபியோரெல்லோ!’வுக்காகப் புலிட்சர் பரிசிலும் பங்கு பெற்றார். பிறகு 107 வயது வரை இருந்தார். ஐந்து நாடகம் என்று எண்ணுகிறோம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீடு எது, பெண் வீடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத சொந்தம்.

‘ஜிப்ஸி’க்கு எட்டுப் பரிந்துரை. கிடைத்தது பூஜ்யம். பெண்ணை மேடையேற்றியே தீருவேன் என்று வெறிகொண்ட தாய் ரோஸாக எதெல் மெர்மன் அரங்கத்தையே உலுக்கினார். பரிசு ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ மேரி மார்ட்டினுக்கு. இளம் கன்னியாஸ்திரீ மரியாவாக நடித்த மேரி மார்ட்டினுக்கு, திரை தூக்கிய அன்று வயது 45. அவருடைய கேப்டன் பைக்கெலுக்கு 35. "கன்னியாஸ்திரீயோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியுமா?" என்கிற மாதிரி மெர்மன் சொன்னதாக நாடகக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் அந்த ரோஸ் வேஷம் பிறகு செய்ததைப் பாருங்கள். ஏஞ்சலா லான்ஸ்பரி, டைன் டேலி, பாட்டி லுபோன் என்று மூன்று நடிகைகள் வெவ்வேறு காலத்தில் அதைப் போட்டு ஆளுக்கொரு டோனி வாங்கினார்கள். முதலில் செய்து காட்டியவருக்கு மட்டும் இல்லை. பரிசு பெற்ற ‘ஃபியோரெல்லோ!’ எப்போதாவது எங்காவது தலைகாட்டுவதோடு சரி. 

இந்த ஏழு வாரமாக எனக்கு இந்தப் பருவத்தின் மீது ஏன் இவ்வளவு பைத்தியம் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே இந்த வாரம்தான் விளங்கியது. பரிசுப் பட்டியல் என்பது கட்டம் போட்ட காகிதம். கட்டத்தை முதலிலேயே வரைந்துவிடுகிறார்கள். மனிதர்களைப் பிறகு அதற்குள் திணிக்கிறார்கள். கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மடக்கி விடுகிறார்கள். நாயகன் துணை ஆகிறான், பையன் பெண் ஆகிறான். எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்பதில்தான் எனக்குச் சுகம்.

சில கட்டங்களைப் பிறகு அழித்தும்விடுவார்கள். அந்த இரவில் ஒரு தச்சருக்கும் டோனி கிடைத்தது. சிறந்த நாடகமாகத் தேர்வான ‘தி மிராக்கிள் வொர்க்கர்’ குழுவின் தலைமைத் தச்சர் ஜான் வால்டர்ஸ், சிறந்த மேடைத் தொழில்நுட்பக் கலைஞர். ஹெலன் கெல்லரும் அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவனும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அடித்துப் புரளும் அந்தக் காட்சிக்காக ஆன் பான்கிராஃப்டும் சிறுமி பாட்டி டியூக்கும் உடைக்குள் பஞ்சுத் திண்டு கட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு சண்டை இரவுக்கிரவு நடக்கிற மேடையைத் தாங்கி நிற்கச் செய்கிறவனுக்கும் ஒரு பரிசு இருந்தது. சில வருடங்களில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். தச்சரைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத ஆசை. உதவி ஆசிரியர் இதைப் படிக்கும்போது பல்லைக் கடிப்பார் என்று தெரியும்.

ஹான்ஸ்பெரிக்கு இந்த வாரம் மிஞ்சியது கடைசிப் பத்திதான். ‘எ ரெய்ஸின் இன் தி சன்’. பிராட்வேயில் ஒரு கறுப்பினப் பெண் எழுதி மேடையேறிய முதல் நாடகம். எழுதியவருக்கு அரங்கேற்றத்தன்று வயது 28. நான்கு பரிந்துரை, பரிசு பூஜ்யம். ஒரு கறுப்பினக் குடும்பம் வெள்ளையர் தெருவில் வீடு வாங்குகிற கதை. அவர் அதைக் கற்பனையில் தேடிப் போகவில்லை. 1937இல் சிகாகோவில் அவருடைய அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி அப்படி ஒரு வீட்டை வாங்கினார். கறுப்பர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று அந்தப் பகுதி வெள்ளையர்கள் தங்களுக்குள் பத்திரம் எழுதி வைத்திருந்தார்கள். தெரு வரைபடத்திலும் கட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குள் ஒரு நாள், வீட்டுக்குள் பறந்து வந்த கல் குழந்தை லொரெய்ன் மேல் படாமல் மயிரிழையில் தப்பியது.

மணி மூன்றாகிறது. அடுத்த வாரம் அந்த வீட்டுக்குள் போவோம். பரிந்துரைப் பட்டியலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

(தொடரும்)