இடிமழை முன்னறிவிப்பும் பெருநகரத் திடீர் வெள்ள இடரும்: செய்யாறு – சென்னை வானிலைத் தொடர்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தென்மேற்குப் பருவக்காலத்தில் சென்னையில் மாலையிலும் இரவிலும் பெய்யும் இடிமழையின் ஒரு பகுதி, செய்யாறு, ஆரணி உள்ளிட்ட வடதமிழக உள்நிலப் பகுதிகளில் பிற்பகலில் தோன்றும் முகில்களின் தொடர்ச்சியாகும். வடகிழக்குப் பருவக்காலத்திலோ பெருமழை கடலிலிருந்து வருகிறது. இவ்விருவகை மழையிலும் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் கால அவகாசம் வேறுபடுவதையும், மழை முன்னறிவிப்பு வெள்ள முன்னறிவிப்பாக மாறும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெப்பச்சலனம், உடனடி முன்னறிவிப்பு, டாப்ளர் ரேடார், திடீர் வெள்ளம், செய்யாறு, சென்னை

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலைக்குக் கிழக்கே, செய்யாற்றங்கரையில் அமைந்த ஊர் செய்யாறு. திருவத்திபுரம் என்றும் வழங்கப்பெறும் இவ்வூரும் அதன் மேற்கிலுள்ள ஆரணியும் நெசவால் அறியப்பட்டவை. இங்கிருந்து சென்னை நேர்த்தொலைவில் வடகிழக்கே ஏறத்தாழ 90 கி.மீ. ஆகும். நிர்வாகத்தில் தனித்தனியாயினும் இவ்விரு நிலப்பகுதிகளும் வானிலையில் பிணைந்துள்ளன.

வெப்பச்சலனமும் மேலைக்காற்றும்

சூன் முதல் செப்டம்பர் வரை உள்நிலம் பகலில் கடுமையாக வெப்பமடைகிறது. சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து, திரள் கார்முகிலாகிறது. செய்தியறிக்கைகளில் ‘வெப்பச்சலனம்’ எனப்படுவது இதுவே. சவ்வாது மலைச்சரிவு காற்றை மேலும் உந்துகிறது. வங்கக்கடலிலிருந்து உட்புகும் கடற்காற்றும் மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்றும் சந்திக்கும் எல்லையிலும் முகில்கள் திரள்கின்றன. மேலடுக்கில் வீசும் மேலைக்காற்று அவற்றைக் கிழக்கு நோக்கிச் செலுத்துகிறது.

தனியொரு இடிமுகிலின் ஆயுள் பெரும்பாலும் அரைமணி முதல் ஒருமணி நேரமே. ஆகவே செய்யாற்றில் தோன்றிய அதே முகில் சென்னையை அடைவதில்லை. மழையோடு கீழிறங்கும் குளிர்காற்று தரையில் பரவித் தனக்கு முன்னுள்ள வெப்பக்காற்றை மேலெழுப்ப, அங்குப் புதிய முகில் பிறக்கிறது. இவ்வாறு நகர்வது ஒரு முகிலன்று, முகில்களின் வரிசையே. அவ்வரிசை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நகருமாயின் சென்னைக்கு மூன்று மணி நேர அவகாசம் கிடைக்கும். ஆனால் வரிசை இடையில் அறுந்துபோகலாம், திசையும் மாறலாம். இடிமழை முன்னறிவிப்பின் அடிப்படை இடர்ப்பாடு இதுதான்.

ரேடாரும் ‘ஓரிரு இடங்களும்’

2002ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்த சென்னைத் துறைமுக டாப்ளர் ரேடார், முகிலிலுள்ள நீர்த்துளிகளிலிருந்து எதிரொலிக்கும் அலைகளைக் கொண்டு மழையின் செறிவையும் காற்றின் நகர்வையும் கணிக்கிறது. பள்ளிக்கரணையில் மற்றொரு ரேடார் 2022இல் செயல்பாட்டுக்கு வந்தது. இந்திய வானிலை ஆய்வுத்துறை மூன்று மணி நேரத்திற்குரிய உடனடி முன்னறிவிப்புகளை வெளியிட இத்தகைய பதிவுகள் பெரிதும் துணைநிற்கின்றன. எனினும் புவியின் வளைவு காரணமாகத் தொலைவு கூடக்கூட ரேடார் கற்றை தரையைவிட்டு உயர்கிறது. 90 கி.மீ. தொலைவில் அதன் தாழ்ந்த கற்றையே தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கி.மீ. உயரத்தில்தான் செல்கிறது. அதற்குக் கீழே நிகழ்வன சென்னை ரேடாருக்குப் புலப்படுவதில்லை.

அறிக்கையின் மொழியும் கருதத்தக்கது. ‘ஓரிரு இடங்களில்’ என்பது, குறிப்பிட்ட பகுதியிலுள்ள மழைப்பதிவு நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பெய்யும் என்று பொருள்படும் கலைச்சொல்லாகும். கேட்போர் அதனைச் சிறுமழை என்று கொள்கின்றனர். அச்சொல் மழையின் பரவலைச் சுட்டுகிறதேயன்றி வலிமையைச் சுட்டுவதில்லை. அந்த ஓரிடத்திலேயே பெருமழை பெய்யக்கூடும்.

கடலிலிருந்து வரும் மழை

வடகிழக்குப் பருவக்காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. மழைமுகில்கள் கண்காணிப்புக் கருவிகள் அரிதாயுள்ள கடற்பரப்பிலிருந்து கரையேறுகின்றன. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையின் சில பகுதிகளில் நண்பகல் முதல் இரவுக்குள் சுமார் 20 செ.மீ. மழை கொட்டியது. இவ்வளவு மழை முன்னறிவிக்கப்படவில்லை. அதையடுத்து, சென்னை வானிலை மையத்தின் முன்னறிவிப்புத் திறனை வலுப்படுத்துமாறு தமிழக முதலமைச்சர் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

2015 டிசம்பர் 1 நிகழ்வு வேறுவகையானது. கனமழை எச்சரிக்கை அப்போது இருந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று; செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. மழை வரும் என்பது அறிவிக்கப்பட்டது. அடையாற்றின் கரையில் எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது அறிவிக்கப்படவில்லை.

மழையிலிருந்து வெள்ளத்திற்கு

ஒரு சதுர கி.மீ. பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 10 கோடி லிட்டர். மண்ணும் ஏரியும் அதில் ஒரு பகுதியை ஏற்கும்; கற்காரைத் தளம் ஏற்காது. எனவே வெள்ள இடர், பெய்யும் மழையோடு மண்ணின் ஈரம், நிலச்சரிவு, வடிகால், கடலின் ஓதம் ஆகியவற்றையும் பொறுத்தது. 2020 அக்டோபரில் தொடங்கப்பெற்ற தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு, இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளின் சிறு நீர்ப்பிடிப்புகளுக்கு 6 மணி நேரத்திற்கும் 24 மணி நேரத்திற்கும் இடர்நிலையைக் கணித்தளிக்கிறது. 2019இல் சென்னைக்கென ‘சி-புளோஸ்’ என்னும் வெள்ள எச்சரிக்கை அமைப்பும் அறிமுகமாயிற்று.

பெருநகரை நோக்கிய இவ்வளர்ச்சியில் ஓர் இடைவெளி உண்டு. செய்யாற்றின் மேல் திரளும் முகில் சென்னைக்கு மூன்று மணி நேர அவகாசம் தருகிறது. செய்யாற்றுக்கு அரைமணி நேரமும் தருவதில்லை. அங்குள்ளோர்க்குக் கிட்டுவது பெரும்பாலும் மாவட்ட அளவிலான அறிவிப்பே. தாழ்வான தெருவில் குழித்தறி அமைத்திருக்கும் நெசவாளர்க்கு அது போதுமானதன்று. குழியில் நீர் இறங்கினால் தறியிலுள்ள பாவு கெடும். பல நாள் உழைப்பும் அதனோடு போகும்.

முடிவுரை

உள்நில இடிமழையில் நேரம் கிடைக்கிறது, உறுதி குறைகிறது. கடல்வழி மழையில் நேரமே குறைகிறது. முன்னதற்கு உள்நிலத்தில் ரேடாரும் தானியங்கி மழைமானிகளும் மிகவேண்டும். பின்னதற்குக் கடற்பரப்பில் கண்காணிப்பு மிகவேண்டும். செய்யாறு, ஆரணி வட்டாரத்தில் நிறுவப்படும் ஒவ்வொரு மழைமானியும் சென்னைக்கு முன்னெச்சரிக்கையாகும். அதன் பயன் அதனைத் தாங்கி நிற்கும் ஊருக்கும் கிடைக்க, மாவட்ட அளவிலான அறிவிப்பு நீர்ப்பிடிப்பு அளவிற்கும், அங்கிருந்து தெரு அளவிற்கும் நுணுகுதல் வேண்டும்.