கடலுக்கும் ஒரு கட்டுப்பாடு

சீர்காழிக்குக் கிழக்கே பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார் என்று நீளும் கரையில் கடல் எல்லோருக்கும் பொது. பொதுவான கடலில் யார், எப்போது, எந்த வலையால் மீன் பிடிப்பது?

இங்கே சட்டத்துக்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. இந்த வலை வேண்டாம், இன்றைக்குத் தொழிலுக்குப் போக வேண்டாம் என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். மீறினால் அபராதம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1983இல்தான்.

2001 முதல் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருக்கிறது. முதலில் 45 நாள். 2017 முதல் 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதே காரணம்.

சுருக்குமடி வலைதான் பெரிய சிக்கல். மத்தி, கானாங்கெளுத்திக் கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி, மொத்தமாக அள்ளிவிடும். 2000இல் தமிழக அரசு இதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என நிபந்தனையோடு இடைக்கால அனுமதி தந்தது. கரையோர ஊர்களுக்குள் இன்னமும் இதில் ஒத்த கருத்தில்லை. சிறு வலைக்காரரின் பங்கு குறையக் கூடாது என்பதே நியாயம்.

விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்தத் தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் 2024 முதல் குடும்பத்துக்கு 8,000 ரூபாய்.