குழல்முன் அமர்ந்த நாய்

1884ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நிப்பர் என்னும் சிறு நாய் பிறந்தது. வெண்ணிற உடலும் கரிய செவிகளும் கொண்ட கலப்பினம் அது. வருவோரின் காலைக் கவ்வும் வழக்கத்தால் அப்பெயர் பெற்றது. அதனை வளர்த்த மார்க் பராட், நாடக அரங்குகளுக்குக் காட்சித்திரை தீட்டியவர். அவர் 1887இல் மறைந்தபின், அவருடைய உடன்பிறந்தாரும் ஓவியருமான பிரான்சிஸ் பராட் அந்நாயைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார்.

பிரான்சிஸிடம் போனோகிராப் ஒன்று இருந்தது. மெழுகு உருளையில் ஒலியைப் பதிந்து, மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி அது. குரல் எங்கிருந்து வருகிறது என்று விளங்காமல் நிப்பர் தலையைச் சாய்த்துக் கேட்பதை அவர் கண்டிருந்தார். 1895இல் நிப்பர் இறந்தது. அதன் பின்னரே, நினைவிலிருந்த அந்த நிலையை அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இறந்த மார்க்கின் குரலையே நாய் கேட்கிறது என்று ஒரு கதை உண்டு. உருக்கமான கதைதான், ஆயினும் மெழுகு உருளைக் கருவிகள் மக்களிடையே விற்பனைக்கு வந்தது மார்க் மறைந்த பிறகே ஆகும்.

ஓவியத்தில் குழல் கருமையாக இருந்தது. பித்தளைக் குழல் பொலிவு தரும் என்று கருதி, அதனை இரவல் பெற 1899இல் இலண்டனிலிருந்த கிராமபோன் நிறுவனத்திற்குச் சென்றார் பராட். அங்கிருந்த மேலாளர் வில்லியம் பேரி ஓவன், கருவியையே மாற்றித் தங்கள் தட்டுக் கருவியைத் தீட்டினால் ஓவியத்தை வாங்கிக்கொள்வதாகக் கூறினார். பராட் இசைந்தார். ஓவியத்திற்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன் கிடைத்தன. 'எசமானின் குரல்' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர் அதற்கு நிலைத்தது. இதில் ஒரு முரண் உண்டு. உருளைக் கருவியில் எசமான் தம் குரலை வீட்டிலேயே பதிந்திருக்கக்கூடும்; தட்டுக் கருவியோ நிறுவனம் பதிந்து விற்றதை ஒலிக்க மட்டுமே வல்லது.

மாணவர்களே, எண்ணெய் வண்ணத்தில் இத்தகைய மாற்றம் எவ்வாறு இயலும்? ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் நீர்வண்ணம்போல் நீர் வற்றி உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியோடு கலந்து மெல்ல இறுகுவது. இறுகிய அடுக்கின்மேல் வேறோர் உருவைத் தீட்டி முன்னதை மறைக்கலாம். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல மேலடுக்கு சிறிது ஒளிபுகும் தன்மை பெறும். ஆகவே, தக்க ஒளியில் பக்கவாட்டில் நோக்கினால், கிராமபோனின் அடியில் பழைய போனோகிராப்பின் வடிவம் இன்றும் புலப்படும் என்பர்.

1908இல் கொல்கத்தாவில் அந்நிறுவனத்தின் இசைத்தட்டு ஆலை தொடங்கியது. பிற்காலத்தில் தமிழிசைத் தட்டுகளின் நடுவிலும் நிப்பர் அமர்ந்து சுழன்றது. பராட் 1924இல் மறையும்வரை, நிறுவனத்தின் வேண்டுகோட்படி, அதே ஓவியத்தின் படிகள் 24ஐத் தம் கையாலேயே தீட்டித் தந்தார்.