ஈப்போவின் ஜப்பானியச் சகோதரியைத் தெரியுமா?

ஜப்பான்காரன் நம் ஊருக்குள் எப்படி வந்தான் தெரியுமா? படகில்! 1942 ஜனவரித் தொடக்கத்தில், கம்பாரில் பிரிட்டிஷ் படையை நேருக்கு நேர் அசைக்க முடியாமல் போகவே, கடல்வழியாகச் சுற்றிவந்து நம் பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங்கில் இறங்கினார்கள். முதுகுப்பக்கம் அடைபட்டுவிடும் என்று கண்டதும் பிரிட்டிஷார் கம்பாரை விட்டுப் பின்வாங்கினார்கள். அதன்பின் ஜப்பானியர் தோட்டத்து லயங்களிலிருந்து நம்மவர்களைச் சயாம் மரண ரயிலுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள், திரும்பாதவர்கள் ஆயிரமாயிரம். "ஜப்பான்காரன் காலம்" என்று நம் பாட்டிமார் சொன்னது அதைத்தான்.

அந்த ஜப்பானின் ஒரு நகரம் இன்று நம் ஈப்போவுக்குச் சகோதர நகரம் என்பது தெரியுமா? பெயர் ஃபுகுவோகா. ஜப்பானின் தெற்கே கியூஷூ தீவின் மிகப் பெரிய நகரம். 1989-இல் இரண்டு நகரங்களும் கைகோத்தன. போர் முடிந்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை! இருந்தும், ஜப்பானுக்குப் போகும் நம் பிள்ளைகள் தோக்கியோ, ஒசாக்கா என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நமக்கு உறவுமுறை உள்ள ஊரை எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

அங்கே என்ன இருக்கிறது? முதலில் விமான நிலையம். இறங்கிச் சுரங்க ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் நகரின் மைய நிலையம், ஐந்தே நிமிடம்! அந்த நிலையத்துக்கு ஹக்காத்தா என்று பெயர். ஃபுகுவோகா என்ற பலகையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஆற்றுக்குக் கிழக்கே வணிகர்களின் ஹக்காத்தா, மேற்கே சாமுராய்களின் ஃபுகுவோகா என்று இருந்த இரண்டு ஊர்களை 1889-இல் ஒன்றாக்கியபோது, நகரம் ஒரு பெயரையும் நிலையம் மறு பெயரையும் எடுத்துக்கொண்டன.

அந்த நிலையத்துக்குப் பக்கத்துச் சாலை 2016 நவம்பர் 8 அதிகாலையில் அப்படியே உள்ளே போய்விட்டது. சுமார் 30 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். கீழே சுரங்க ரயில் பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள். முன்கூட்டியே சாலையை அடைத்துவிட்டதால் ஓர் உயிரும் போகவில்லை. ஒரே வாரம்! பள்ளத்தை நிரப்பி, குழாய்களையும் கம்பிகளையும் சரிசெய்து, நவம்பர் 15 அன்று வண்டிகளை ஓடவிட்டார்கள்.

இனி நான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆசைப்படுவது: ஹக்காத்தா கியோன் யாமகாசா. ஜூலை 1 முதல் 15 வரை நடக்கும் திருவிழா. கடைசி நாள் விடியற்காலை, குஷிதா கோயில் வாசலில் கூட்டம் நெரிக்கும். இடுப்பில் கச்சை, மேலே குட்டைச் சட்டை, அவ்வளவுதான் ஆண்களின் உடை. சுமார் ஒரு டன் எடையுள்ள தேர். அதற்குச் சக்கரம் கிடையாது! தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஐந்து கிலோமீட்டர், அரை மணி நேரத்தில். ஒருவர் தோள் கொடுத்துக் களைத்ததும் ஓட்டம் நிற்காமலே இன்னொருவர் உள்ளே நுழைவார். வழிநெடுகிலும் வீட்டுக்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமித் தேரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஈரச் சாலையும் இரைச்சலும் புதிதாகவே தோன்றாது.

முதல் தேர் புறப்படும் நேரம் சரியாக 4.59. ஏன் ஐந்து மணி இல்லை? முதலில் வரும் குழுவுக்கு மட்டும் கோயிலுக்குள் நின்று மங்கலப் பாட்டுப் பாடும் உரிமை உண்டு. அந்தப் பாட்டுக்காக ஒரு நிமிடம் முன்னால்! 1241-இல் கொள்ளைநோய் பரவியபோது ஒரு துறவியைப் பலகையில் சுமந்து ஊரெங்கும் புனித நீர் தெளிக்கவைத்தார்களாம், அதிலிருந்து வந்த விழா என்கிறார்கள். இன்னொன்று: விழா நாள்களில் அவர்கள் வெள்ளரிக்காய் தொடமாட்டார்கள். நறுக்கிய வெள்ளரித் துண்டு கோயில் சின்னத்தைப் போலவே இருக்கிறதாம். இந்த விழாவை 2016-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தங்கம் பிடிக்குமா? 1784-இல் அங்குள்ள ஷிகாநோஷிமா தீவில், வயல் வாய்க்காலைச் சரிசெய்த ஓர் உழவர் கையில் ஒரு தங்க முத்திரை கிடைத்தது. சீனாவின் ஹான் பேரரசர் கி.பி. 57-இல் அந்த வட்டாரத்துச் சிற்றரசனுக்குக் கொடுத்தது! பக்கத்துக்கு 2.3 சென்டிமீட்டர்தான், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது; எடையோ 108 கிராம், நம் கணக்கில் 13 பவுனுக்கு மேல். பிடி சுருண்ட பாம்பு வடிவம். நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

மீன்பிடிக் கம்பத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி. மிளகாயில் ஊறவைத்த மீன் சினை, மெந்தாய்கோ, இந்த ஊரின் அடையாளம். பூசானில் பிறந்து, போருக்குப் பின் ஜப்பான் திரும்பிய கவாஹாரா தொஷியோ, சிறுவயதில் ருசித்த கொரியக் காரத்தை நினைவில் வைத்து 1949 ஜனவரி 10-இல் விற்கத் தொடங்கினார். காப்புரிமை எடுக்கவில்லை, கேட்டவர்களுக்குச் செய்முறையையும் சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் இன்று நகரமெங்கும் மெந்தாய்கோ கடைகள். அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் கைகூப்பத் தோன்றுகிறது.

இரவானால் ஆற்றோரம் ஒட்டுக்கடைகள் முளைக்கும், யாத்தாய் என்பார்கள். பத்துப் பேர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். அங்கே கொதிக்கும் ராமென் சூப் பன்றி எலும்பில் செய்வது. சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தோச்சோஜி கோயிலின் மரப் புத்தர் உட்கார்ந்த நிலையிலேயே 10.8 மீட்டர். பக்கத்து ஊரான தசாய்ஃபுவில் கல்விக்கென்றே ஒரு தெய்வம், தேர்வு எழுதும் பிள்ளைகள் வெண்கலக் காளையின் தலையைத் தடவிவிட்டு வருகிறார்கள்.

இதையும் கேளுங்கள். ஆசியப் பண்பாட்டுக்கு உழைத்தவர்களுக்கு இந்நகரம் 1990 முதல் ஃபுகுவோகா விருது கொடுத்துவருகிறது. 1994-இல் பத்மா சுப்ரமணியம், 2016-இல் ஏ.ஆர். ரஹ்மான் வாங்கினார்கள். 2002-இல் யார் தெரியுமா? நம் பேராக்கின் கம்பத்துப் பையன், கார்ட்டூன் கலைஞர் லாட்!

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவாக 90 நாள் வரை தங்க விசா தேவையில்லை. அடுத்த முறை ஜப்பான் என்று முடிவானால் ஃபுகுவோகாவுக்கும் மூன்று நாள் ஒதுக்குங்கள். ஜூலையாக இருந்தால் 15-ஆம் தேதி அதிகாலை நான்கு மணிக்கே குஷிதா கோயில் பக்கம் போய் இடம் பிடித்துவிடுங்கள்.