சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்

கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், விருத்தாசலத்தைத் தாண்டி மங்களூர்ப் பக்கம் போனால் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கொல்லைகள். இங்கே மோட்டார் என்றால் கிணற்று மோட்டார்தான். எரிந்துபோனால் காயில் கட்டும் கடைக்குப் போகும். இப்போது அதே வீடுகளுக்குள் இன்னொரு வகை மோட்டார் நுழைந்துவிட்டது. மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி, பேட்டரி ஸ்கூட்டரின் சக்கரம், பிள்ளைகள் ஓட்டும் வேகமான ரிமோட் கார் எல்லாவற்றிலும் இருப்பது பிரஷ் இல்லாத மோட்டார்.

பழைய பொம்மை மோட்டாரில் காயில் சுற்றும், காந்தம் நிற்கும். சுற்றுகிற காயிலுக்குக் கார்பன் பிரஷ்தான் உரசி உரசி மின்சாரம் கொடுக்கும். அது தேயும், பொறி பறக்கும். புதியதில் காந்தம் சுற்றுகிறது, காயில் அசையாமல் நிற்கிறது. வெளியே வருவது மூன்று ஒயர். எந்த நொடியில் எந்த ஒயருக்கு மின்சாரம் போக வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட் அளவில் முடித்துக்கொள்ளும்.

ரிமோட் கார் மோட்டாரின் மேல் ஓர் எண் இருக்கும்: 3300 கேவி என்பதுபோல. ஒரு வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாதபோது நிமிடத்துக்கு 3300 சுற்று என்று பொருள். 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 24,000 சுற்று. எண் பெரிதாக இருந்தால் மோட்டாரும் பலசாலி என்று நினைத்து வாங்குகிறவர்கள் பலர். அது உண்மையா என்று சோதிக்க பேட்டரிகூடத் தேவையில்லை.

மோட்டாரின் ஷாஃப்டை டிரில்லிங் மெஷினில் மாட்டி நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றுங்கள். ஏதாவது இரண்டு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 0.21 வோல்ட் அளவில் காட்டும். மோட்டார் இப்போது ஜெனரேட்டர் ஆகிவிட்டது. அந்த எண்ணை 1.414 ஆல் பெருக்கி, 1000ஐ அதனால் வகுத்தால் 3300க்கு அருகே வந்து நிற்கும்.

இதற்கு அடுத்த படிதான் எனக்குப் பெரிய அதிசயம். அலகு மாற்றும் எண்ணான 9.55ஐ அந்த 3300 ஆல் வகுத்தால் 0.0029 வரும். ஒரு ஆம்பியர் மின்னோட்டத்துக்கு அந்த மோட்டார் தரும் முறுக்கு விசை, நியூட்டன் மீட்டரில், அவ்வளவுதான். சுமையே ஏற்றாமல் அதன் இழுவையை அளந்துவிட்டோம்! வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் உள்ளே போகும் திறன். முறுக்கு விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வெளியே வரும் திறன். இழப்புகளைத் தள்ளிவிட்டால் இரண்டும் சமம். ஆகவே வேகத்துக்கு எத்தனை வோல்ட் என்ற கணக்கும், ஆம்பியருக்கு எவ்வளவு இழுவை என்ற கணக்கும் ஒன்றேதான். 1821இல் மின்சாரத்தால் கம்பியைச் சுழலவைத்த ஃபாரடே, காந்தத்தை அசைத்து மின்சாரம் எடுக்க 1831 வரை உழைத்தார். அந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் இந்த ஓர் எண்ணில் சேர்ந்து நிற்கின்றன.

கேவி கூடினால் ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவை குறையும் என்பது இதிலிருந்தே தெளிவு. காந்தம் பலவீனமானால் மோட்டார் வெறுமனே ஓடும்போது முன்னைவிட வேகமாக ஓடும் என்பதும் இதனால்தான். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் தன் வலுவில் ஒரு பகுதியை இழந்துவிடலாம். ஆறினாலும் அது திரும்பாது. வேகத்தை மட்டும் பார்க்கிறவர் மோட்டார் தேறிவிட்டது என்று நினைப்பார். டிரில் சோதனையில் வோல்ட் குறைந்திருப்பது உண்மையைக் காட்டிக்கொடுக்கும். பந்தயக்காரர்கள் ஓட்டம் முடிந்ததும் மோட்டாரின் சூட்டை அளப்பது இதற்காகத்தான்.

கருவியே இல்லாத சோதனையும் உண்டு. கன்ட்ரோலரிலிருந்து கழற்றிய மோட்டாரின் இரண்டு ஒயர்களை ஒன்றாகத் தொடவைத்து ஷாஃப்டைத் திருப்புங்கள். சேற்றில் காலை எடுப்பதுபோல் இழுக்கும். காயிலில் பிறக்கும் மின்சாரம் தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கிறது. விஞ்ஞானி லென்ஸ் 1834இல் சொன்ன விதி இது. மூன்று ஜோடிகளிலும் இழுப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். ஏதாவது ஜோடியில் லேசாகச் சுற்றினால் எங்கோ கம்பி அறுந்திருக்கலாம். எதையும் தொடவைக்காமலே ஒரேயடியாக இறுகினால் காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது பேரிங் போயிருக்கலாம்.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். மோட்டார் காந்தத்திலும் பீங்கான் வகை உண்டு. இரும்பு ஆக்ஸைடோடு ஸ்ட்ரான்சியம் கார்பனேட் கலந்து, பொடியாக்கி, அச்சில் அழுத்தி, சுமார் 1200 டிகிரி சூளையில் சுட்டெடுப்பதுதான் ஃபெரைட் காந்தம். பல பி.எல்.டி.சி. மின்விசிறிகளில் சுற்றுவது அதுதான். வலு நியோடிமியத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால் 80 டிகிரிக்கெல்லாம் அசராது, விலையும் மலிவு. நியோடிமியம் அடங்கிய மோனசைட் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது. என்றாலும் 2025 ஏப்ரலில் சீனா நியோடிமியம் போன்ற அருமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது நம் பேட்டரி வண்டித் தொழிற்சாலைகள் தடுமாறின. சூளையில் சுட்ட காந்தத்தை நம்பி மோட்டார் வடிவமைப்பது இனி கட்டாயம் என்றே நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் லென்ஸ் விதி பாடமாக இருக்கிறது. ஆசிரியர்களே, பிரஷ் இல்லாத ஒரு பழைய ரிமோட் கார் மோட்டாரை வகுப்புக்குக் கொண்டுபோய் மாணவர் கையில் கொடுத்து, மூன்று ஒயரையும் ஒன்றாகத் தொடவைத்துத் திருப்பச் சொல்லுங்கள்.