பழைய மட்டையைப் புதுப்பிக்கலாம்: எதைத் தேய்ப்பது, எதை விடுவது?

மருமகனுக்குப் பதினான்கு வயது. இந்த ஆண்டு பாடசாலையின் 15 வயதுக்குட்பட்டோர் துடுப்பாட்ட அணியில் அவனுக்கு இடம் கிடைத்தது. மென்பந்து விளையாடிய பிள்ளை கடினப் பந்துக்கு மாறும்போது வீட்டுக்கு வரும் முதல் செலவு மட்டைதான். யாழ்ப்பாணத்தில் இரண்டு கடைகளில் விலை கேட்டேன். இங்கிலாந்து வில்லோ மரத்தில் செய்த நடுத்தரமான மட்டை ஒன்றின் விலை, கட்டுரை எழுதி நான் ஒரு மாதத்தில் உழைப்பதைவிட அதிகம். 2022 நெருக்கடியில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டியது. அதற்குப் பிறகு இந்த மட்டைகளின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு மட்டை இருக்கிறது. அலுமாரியின் மேல், பழைய சேலையொன்றால் சுற்றி அம்மா வைத்திருக்கும் மட்டை. அது அண்ணாவுடையது. 2002இல் ஏ-9 பாதை திறந்து, அடுத்த ஆண்டு கொழும்பிலிருந்து வந்த மாமா ஒருவர் வாங்கிவந்து கொடுத்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. 2007இல் வேலைக்குப் போன அண்ணா வீடு திரும்பவில்லை. இன்றுவரை அவருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"பெரிய மாமான்ர பற்றை எனக்குத் தருவினமோ?" என்று மருமகன்தான் கேட்டான்.

"அதில கை வைக்காதை தம்பி" என்று அம்மா எனக்குச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவரே மீண்டும் கேட்டார்: "என்ன செய்யப் போறாய் எண்டு முதல்ல சொல்லு. எதைத் தேய்ப்பாய், எதை விடுவாய்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக நான் தேடிப் படித்ததும், எங்கள் ஊரில் மட்டை திருத்தும் ஓடாவி ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. பல வீடுகளில் இப்படியொரு பழைய மட்டை இருக்கும். வெளிநாட்டுக்குப் போன தம்பியுடையதாக இருக்கலாம், இனி வராத ஒருவருடையதாகவும் இருக்கலாம்.

மட்டை எப்படிச் செய்யப்படுகிறது?

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டை என்றால் தென்னை மட்டை. பற்றரியும் எரிபொருளும் வராத ஊரில், ஜாம் போத்தல் விளக்கில் படித்த பெடியள், மட்டையைச் செதுக்கிப் பிடி வைத்து விளையாடினார்கள். பனை மட்டையென்றால் முதலில் கருக்குச் சீவ வேண்டும்.

கடினப் பந்துக்கான மட்டை வேறு கதை. அதன் அலகு வில்லோ மரம். இங்கிலாந்து வில்லோ, காஷ்மீர் வில்லோ என இரண்டு வகை கடைகளில் கிடைக்கும். பாரம் குறைந்த, நார் நீண்ட, மென்மையான மரம் இது. அந்த மென்மையான மரத்தின் முகத்தைத் தொழிற்சாலையில் உருளைகளுக்கு இடையில் வைத்து அழுத்தி இறுக்குகிறார்கள். பந்து படும் இடத்தில் இருப்பது இந்த இறுகிய மேற்பரப்பு. கைபிடி பிரம்பு. பிரம்புகளுக்கு இடையில் அதிர்வைக் குறைக்க இறப்பர் அல்லது தக்கைப் பட்டிகளை வைத்து ஒட்டி, நூல் சுற்றி, மேலே இறப்பர் உறை போடுகிறார்கள். கைபிடியின் கீழ் நுனி ஆப்பு வடிவில் அலகுக்குள் இறங்கிப் பசையால் பிடித்திருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் மூன்று விடயங்கள் விளங்கும். முகத்தை அதிகம் தேய்த்தால் இறுகிய பகுதி போய்விடும். ஆப்பு இறங்கும் இடத்தில் எண்ணெய் பட்டால் பசை தளரும். பிரம்பு முறிந்தால் அது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

முதலில் படம் எடுங்கள்

எந்த வேலையையும் தொடங்க முன்னர் மட்டையின் நான்கு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். எழுத்துகள், ஒட்டிய படங்கள், பந்துத் தழும்புகள் எல்லாவற்றையும் கிட்டவாகவும் எடுங்கள். 2025 ஓகஸ்டில் செம்மணியில் அகழ்ந்தெடுத்த உடைகளையும் பொருட்களையும் மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைத்தபோது நான் செய்தியாளனாகப் போயிருந்தேன். சேலைக் கரை, பொத்தான் போன்ற சின்ன அடையாளங்களைத்தான் எல்லோரும் தேடினார்கள். ஒரு பொருளில் உள்ள சின்ன அடையாளம் எப்போது தேவைப்படும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தேய்த்த பிறகு அது திரும்பி வராது.

பிறகு மட்டையைச் சோதியுங்கள். கைபிடியைப் பிடித்து அலகை மெதுவாக வளைத்துப் பாருங்கள். கிறீச் என்ற சத்தம் கேட்டால் பிரம்போ ஆப்போ தளர்ந்திருக்கிறது. முகத்தில் நாருடன் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வெடிப்புகள் சாதாரணம். விளையாடிய மட்டையெல்லாம் அப்படித்தான் இருக்கும். குறுக்காக ஓடும் வெடிப்பு ஆபத்து. அலகின் குறுக்கே முன்னும் பின்னும் தெரியும் வெடிப்பு இருந்தால் அந்த மட்டையை விளையாடக் கொடுக்காதீர்கள்.

அண்ணாவின் மட்டையில் குறுக்கு வெடிப்பு இருக்கவில்லை. விளிம்பில் ஒரு வெடிப்பு, அடிப்பாகத்தில் ஈரம் பட்டு ஊதிய ஒரு இடம், உக்கிப்போன இறப்பர் உறை. பின்பக்கத்தில், நீல நிறப் பேனையால், வரிசையாக எண்கள். 34, 12, 0, 57, 8, 0, 21 என்று போகிறது. அவர் எடுத்த ஓட்டங்கள். சைபர்களையும் விடாமல் எழுதியிருக்கிறார். கடைசி எண் 2006 ஜூலையில் எழுதியது.

உறையும் தேய்ப்பும்

பழைய இறப்பர் உறையைப் பிளேட்டால் மேலிருந்து கீழாக வெட்டி உரிக்கலாம். உள்ளே நூல் சுற்று அறுந்திருந்தால் பசை பூசி இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள். முகத்தில் பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருந்தால், ஹெயார் ட்ரையரால் இளஞ்சூடு காட்டி, நார் போகும் திசையில் மெதுவாக உரியுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் வில்லோ நாரும் சேர்ந்து வரும்.

சான்ட் பேப்பரில் 120, 180, 320 என்று மூன்று இலக்கத்தில் ஒவ்வொரு தாள் போதும். ஒரு சிறிய மரத்துண்டில் சுற்றிப் பிடித்து, நாரின் திசையில் மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் பிறகு மறையாது. விளிம்பில் கொஞ்சம் கூடத் தேய்க்கலாம். முகத்தில் அழுக்கும் பழைய எண்ணெய்ப் படையும் போனால் நிறுத்திவிடுங்கள். சிவப்புப் பந்தின் தழும்பு முழுதும் போகவேண்டும் என்று நிற்காதீர்கள்.

வெடிப்புகளை ஒட்டுவது

மெல்லிய வெடிப்புக்குத் தண்ணீர்போல ஓடும் சுப்பர் குளூ சில துளி போதும். தானே உள்ளே இறங்கும். விளிம்பு வெடிப்பு ஆழமாக இருந்தால் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையை ஊசிமுனையால் உள்ளே செலுத்தி, இறுக்கிக் கட்டி, ஒரு நாள் முழுவதும் விடவேண்டும். இறுக்குவதற்குக் கருவி தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்துச் சுற்றினால் நல்ல பிடி கிடைக்கும். ஓடாவி இதைச் சொன்னபோது சிரிப்பு வந்தது. தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் வாளி முதல் தண்ணீர்க் குழாய் வரை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது இந்த ரியூப் துண்டுதான்.

காய்ந்த பிறகு ஒட்டிய இடத்தின் மேல் நார்ப்பட்டி சுற்றலாம். பாதுகாப்புக்கோ திருத்தத்துக்கோ அலகின் மேல் ஒட்டும் பொருள் 1 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக இருக்கக்கூடாது என்று துடுப்பாட்ட விதிகள் சொல்கின்றன. மட்டையின் அகலம் 10.8 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடிப்பாகம் ஊதியிருந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள். வெயிலில் மரம் சடுதியாகக் காய்ந்து வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் சில நாட்கள் விடுங்கள்.

எந்த எண்ணெய்?

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ பூசாதீர்கள். தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகாது. நல்லெண்ணெய் ஓரளவு பிசுபிசுத்தாலும் நன்றாக இறுகாது. தேவைப்படுவது ஆளிவிதை எண்ணெய். ஹாட்வெயார் கடைகளில் லின்சீட் ஒயில் என்று கேளுங்கள். அதில் பச்சை எண்ணெய், காய்ச்சிய எண்ணெய் என இரண்டு உண்டு. மட்டைக்குப் பச்சை எண்ணெய்தான் நல்லது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மெதுவாக இறுகி, மரத்தின் ஈரப்பதத்தைக் காத்துக்கொள்கிறது.

ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துணியில் எடுத்து முகம், விளிம்பு, அடிப்பாகம் ஆகியவற்றில் மெல்லிதாகப் பூசுங்கள். கைபிடியிலும் ஆப்பு இறங்கும் இடத்திலும் படக்கூடாது. நிமிர்த்தி வைக்காமல் கிடையாகப் படுக்க வைத்து ஒரு நாள் விடுங்கள். கூடப் பூசினால் மட்டை பாரமாகும். பந்து பட்டாலும் துள்ளாது.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது அந்த எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பற்றக்கூடும். துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்ட பிறகே எறியுங்கள்.

பாரத்தைக் குறைப்பதா?

வேலை முடியும் நேரத்தில்தான் சிக்கல் வந்தது. மருமகன் மட்டையை இரண்டு தரம் வீசிப் பார்த்துவிட்டு, "பாரமாக் கிடக்கு மாமா" என்றான். வளர்ந்த ஒருவருக்காக வாங்கிய மட்டை அது.

பாரத்தைக் குறைக்க நேரடியான வழி, பின்பக்கத்தைச் சீவுவது. முகத்திலோ விளிம்பிலோ சீவினால் பலம் குறையும். ஆகவே திருத்துபவர்கள் பின்பக்கத்தில்தான் மரத்தை எடுப்பார்கள். ஓடாவி அதைத்தான் சொன்னார். அரை மணித்தியால வேலை என்றார். அந்த அரை மணித்தியாலத்தில் 34, 12, 0, 57 எல்லாம் தூளாகிவிடும்.

அம்மாவிடம் உள்ளபடி சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மட்டையை வாங்கி, பின்பக்கத்தைக் கையால் தடவி, திரும்பத் தந்தார். சீவு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வேறு வழி இருக்கிறதா என்று ஓடாவியிடம் மீண்டும் போனேன். பாரம் வேறு, கைக்குத் தெரியும் பாரம் வேறு என்று அவர் விளக்கினார். கைபிடியில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இறப்பர் உறை போட்டால் மொத்தப் பாரம் சிறிது கூடும். ஆனால் கூடும் பாரம் கைப்பக்கம் இருப்பதால், மட்டையைத் தூக்கும்போது அடிப்பாகம் இலேசாகத் தெரியும். துலாவின் கதைதான். பெரிய மாற்றமில்லை, ஆனாலும் ஒரு வளரும் பிள்ளைக்கு ஓராண்டு சமாளிக்கப் போதும்.

உறை மாட்டுவதற்குக் கடைகளில் கூம்பு வடிவ மரக்கட்டை வைத்திருப்பார்கள். வீட்டில் செய்வதென்றால் கைபிடியின் மேல் ஒரு பொலித்தீன் பையை இறுக்கமாகப் போட்டு, உறைக்குள் பவுடர் தூவி, ஒருவர் பிடிக்க மற்றவர் இழுத்து ஏற்றலாம்.

பின்பக்கத்தில் நான் சான்ட் பேப்பர் வைக்கவில்லை. எண்ணெயும் பூசவில்லை; பேனை மை எண்ணெயில் கலங்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி. பந்து படுவது முன்பக்கத்தில். பின்பக்கம் பழையபடி இருப்பதால் விளையாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் இதுதான்.

மீண்டும் பழக்குதல்

தேய்த்து எண்ணெய் பூசிய மட்டையை உடனே வேகப்பந்துக்குக் கொண்டுபோகக்கூடாது. மரச் சுத்தியலாலோ, காலுறைக்குள் போட்டுக் கட்டிய பழைய பந்தாலோ முகத்தை மெதுவாகத் தட்டத் தொடங்கி, நாளுக்கு நாள் வேகத்தைக் கூட்டுங்கள். விளிம்பைச் சரிவாகத் தட்டி உருட்டுங்கள், நேராக அடிக்காதீர்கள். அடிப்பாகத்தின் கீழ் நுனியில் தட்டவே கூடாது. புது மட்டைக்கு ஐந்தாறு மணித்தியாலம் தேவை. பழைய மட்டைக்கு இரண்டு மணித்தியாலத்தை ஒரு வாரத்துக்குப் பிரித்துச் செய்தால் போதும். பிறகு பழைய பந்தில் சில நாள் பயிற்சி.

அந்த வாரம் முழுவதும் மாலையில் எங்கள் முற்றத்தில் டொக், டொக் என்ற சத்தம். 2003இல் அண்ணா இதே மட்டையை இதே முற்றத்தில் வைத்துத் தட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கும் இருந்திருக்கும். அவர் குசினியிலிருந்து வெளியே வரவில்லை.

வடக்கில் பாடசாலைத் துடுப்பாட்டத்துக்கு நீண்ட கதை உண்டு. யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904இல் தொடங்கிய ஆட்டத்தை நாங்கள் இன்றும் 'வடக்கின் பெரும் போர்' என்கிறோம். எங்கள் ஊரில் போர் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது. மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2024இல் ஐ.பி.எல். ஆடியதைப் பார்த்த தலைமுறை மருமகனுடையது. அவர்களுக்கு மட்டை வேண்டும். வீடுகளில் மட்டைகள் இருக்கின்றன.

முதல் ஆட்டத்தில் மருமகன் 11 ஓட்டம் எடுத்தான். வீட்டுக்கு வந்து, பின்பக்க வரிசையின் கீழே தானும் எழுதலாமா என்று அம்மம்மாவிடம் கேட்டான்.

"அது அவன்ர. நீ உன்ர கொப்பியில எழுது" என்றார் அம்மா. பிறகு மட்டையை வாங்கி, மண்ணைத் துடைத்து, சேலையால் சுற்றி அலுமாரியின் மேல் வைத்தார். அடுத்த நாள் பயிற்சிக்கு அவரே எடுத்துக் கொடுத்தார்.