துப்பாக்கியைக் கண்டு பயமா?

துப்பாக்கி என்றதும் சிலருக்குக் கை நடுங்கும். "டமார்" என்று வெடிக்குமே, தோளில் இடிக்குமே என்ற பயம்!

அப்படிப்பட்டவர்கள் குறி பார்த்துச் சுடப் பழகுவதற்கு ஏற்றது, 'ஏர் ரைபிள்' என்னும் காற்றுத் துப்பாக்கி. இதில் வெடிமருந்து கிடையாது. அடைத்து வைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. சத்தம் குறைவு; இடிப்பதும் மிகக் குறைவு.

ஆனால், இது பொம்மை அல்ல. குண்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஆகவே, முதல் பாடம் சுடுவது அல்ல, பாதுகாப்பு!

துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் நேரம் வரை விசையில் விரல் படக் கூடாது. உள்ளே குண்டு இருப்பதாகவே எப்போதும் எண்ண வேண்டும்.

குண்டு இல்லாமல் பயிற்சி

அடுத்து, பயிற்சியாளர் முன்னிலையில், குண்டு போடாமலே குறி பார்த்துப் பழக வேண்டும். மூச்சைப் பாதி விட்டு, சற்று நிறுத்தி, விசையை மெல்ல அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குறி தவறும். பயந்தவர்கள் செய்வது அதைத்தான்!

ஒலிம்பிக் பந்தயத்தில் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். அதன் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லி மீட்டர்தான்!

இந்தப் பந்தயத்தில் அபினவ் பிந்த்ரா 2004-ல் ஏதென்ஸ் நகரில் 7-வது இடத்தையே பிடித்தார். மனம் தளரவில்லை. 2008-ல் பீஜிங்கில் தங்கப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக்கில் தனி ஆளாகத் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவரே!

கை நடுங்குகிறதே என்று வெட்கப்பட வேண்டாம். பழகப் பழக நடுக்கம் குறையும், குறி நிலைக்கும்.